களத்துமேட்டுக்கு வராத இரக்கம் வேதத்தில் இல்லை

"கர்த்தர் இரக்கமுள்ளவர், மன்னித்துவிடுவார்." தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை வட்டாரத்தில் எந்த ஊர் ஆலயத்துக்குள் போனாலும், எந்த நற்செய்திக் கூட்டத்தின் ஒலிபெருக்கி காதில் விழுந்தாலும் இதைக் கேட்கலாம். சொல்வது சரிதான். அதை மறுக்க நான் எழுதவில்லை. அந்த நல்ல வார்த்தையின் நிழலில் வளர்ந்து நிற்கும் வேறொரு கருத்தைத்தான் மறுக்கிறேன்.

அந்தக் கருத்து இது: கடவுளின் இரக்கம் ஆத்துமாவுக்கு உரியது. கூலி, குத்தகை, கடன், சாதி எல்லாம் உலகக் காரியம். இரக்கம் என்றால் நடந்ததைக் கிளறாமல் விடுவது. கணக்குக் கேட்பது நியாயப்பிரமாணத்தின் வேலை, நாமோ கிருபையின் காலத்தில் இருக்கிறோம். படித்தவர்கள் இதையே வேறு மாதிரி சொல்வார்கள்: பழைய ஏற்பாட்டுக் கடவுள் கோபக்காரர், புதிய ஏற்பாட்டுக் கடவுள் இரக்கமானவர். கிறிஸ்தவரல்லாத நண்பர்களும் இதை நம்புகிறார்கள். கிறிஸ்தவர்களில் பலர் இதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறார்கள்.

இது தவறு. வேதாகமத்தை ஒழுங்காகப் படித்தால் தவறு என்று தெரியும். நெல் விளையும் இந்தக் காவிரி மண்ணில் அந்தக் கருத்து யாருக்கு வசதி செய்து கொடுத்தது, யாருடைய வாயை அடைத்தது என்று பார்த்தால் இன்னும் நன்றாகத் தெரியும்.

அடகுப் போர்வை

இரண்டு கடவுள் என்ற எண்ணம் புதியதல்ல. இரண்டாம் நூற்றாண்டில் மார்சியோன் என்பவர் ரோமாபுரியில் இதையே போதித்தார். இஸ்ரவேலின் கடவுள் வேறு, இயேசு அறிவித்த தந்தை வேறு என்றார். திருச்சபை அவரை வெளியேற்றியது. அவர் சொன்னது மட்டும் இன்றுவரை நம்மோடு குடியிருக்கிறது.

பழைய ஏற்பாட்டில் கடவுள் தம்மை இரக்கமுள்ளவர் என்று சொல்லிக்கொள்ளும் ஓர் இடத்தைப் பாருங்கள். யாத்திராகமம் 22ஆம் அதிகாரம். ஓர் ஏழை கடனுக்காகத் தன் போர்வையை அடகு வைத்திருக்கிறான். பொழுது சாய்வதற்குள் அதைத் திருப்பிக் கொடுத்துவிடு என்கிறது சட்டம். அவனுக்கு உடம்பை மூட இருப்பது அது ஒன்றுதான், அதுவும் இல்லாமல் எதைப் போர்த்திப் படுப்பான் என்று கேட்கிறது. அவன் முறையிட்டால் தாம் கேட்பதாகவும், தாம் இரக்கமுள்ளவர் என்பதே அதற்குக் காரணம் என்றும் கடவுள் சொல்கிறார். ஒரு கடன்காரனின் இரவுக் குளிரைப் பற்றிய சட்டத்தில் கடவுள் தம் இரக்கத்தைச் சாட்சிக்கு அழைக்கிறார்.

உபாகமம் 24ஆம் அதிகாரத்தில் இதே போக்கு இன்னும் விரிகிறது. கடன் கொடுத்தவன் அடகுப் பொருளை எடுக்க ஏழையின் வீட்டுக்குள் நுழையக் கூடாது. வெளியே நிற்க வேண்டும். கடன் வாங்கியவனே கொண்டுவந்து கொடுப்பான். ஏழைக்கும் ஒரு வாசல் உண்டு, அந்த வாசலுக்கு மரியாதை உண்டு என்று சட்டம் சொல்கிறது. அடுத்தது கூலி. கூலிக்காரனுக்கு அன்றைய கூலியை அன்றைக்கே, சூரியன் மறையுமுன் கொடுக்க வேண்டும். அவன் உயிரே அதில்தான் இருக்கிறது. கொடுக்காவிட்டால் அவன் கடவுளிடம் முறையிடுவான், அது கொடுக்காதவன் தலையில் பாவமாக நிற்கும். அதற்கடுத்தது அறுவடை. வயலில் ஒரு கட்டை மறந்துவிட்டு வந்தால் எடுக்கத் திரும்பிப் போகாதே. அது அந்நியனுக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் உரியது.

அறுவடை முடிந்த வயலில் உதிர்ந்த கதிர் பொறுக்குவதும், எலிவளையைத் தோண்டி நெல் எடுப்பதும் டெல்டாவின் சேரிகளுக்குத் தெரிந்த பிழைப்பு. மிராசுதாரின் மனம் இருந்தால் பொறுக்கலாம். காரியக்காரர் விரட்டினால் வெறுங்கையோடு திரும்ப வேண்டும். வேதத்தின் சட்டமோ அதை யாருடைய மனதுக்கும் விடவில்லை. வயலின் ஓரத்தை முழுக்க அறுக்காதே என்று நிலக்காரனுக்கே கட்டளையிட்டது. ரூத் என்ற மோவாபியப் பெண், அந்நிய தேசத்து விதவை, போவாஸின் வயலில் கதிர் பொறுக்கியது அந்தச் சட்டத்தின் பேரில்தான். போவாஸ் அதற்கு மேலும் செய்தான். அரிக்கட்டுகளிலிருந்து வேண்டுமென்றே கொஞ்சம் உருவிப் போடுங்கள், அவளை அதட்டாதீர்கள் என்று ஆட்களிடம் சொன்னான். அந்த ரூத்தின் வம்சத்தில் தாவீது வந்தான், இயேசு வந்தார்.

இவற்றுக்கெல்லாம் முடிசூட்டியது போல லேவியராகமம் 25 இருக்கிறது. ஐம்பதாம் ஆண்டு யூபிலி ஆண்டு. விற்ற நிலம் பழைய குடும்பத்துக்குத் திரும்பும். கடனால் அடிமையானவன் வீடு திரும்புவான். அந்த ஆண்டை அறிவிக்கும் எக்காளத்தை எந்த நாளில் ஊத வேண்டும்? ஏழாம் மாதம் பத்தாம் தேதி, பாவநிவிர்த்தி நாளில். ஜனங்களின் பாவம் மன்னிக்கப்படும் நாளும் நிலம் திரும்பும் நாளும் ஒன்றே. மன்னிப்பு ஆத்துமாவுக்கு, நிலம் உலகக் காரியம் என்று பிரிப்பவர்கள் இந்த எக்காளத்தை எங்கே கொண்டுபோய் வைப்பார்கள்?

யோசுவாவின் போர்களைக் காட்டி என்னை மடக்கலாம். அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது எனக்கும் நெஞ்சு கனக்கிறது. அவற்றுக்குச் சப்பைக்கட்டு கட்ட மாட்டேன். ஆனால் அவற்றை மட்டும் படித்துவிட்டுப் பழைய ஏற்பாட்டில் இரக்கம் இல்லை என்பவர்கள் யோனாவைப் படிக்கவில்லை. எதிரியின் தலைநகரமான நினிவேயை, அதன் லட்சத்து இருபதினாயிரம் மனிதரையும் மிருகஜீவன்களையும்கூட நினைத்துப் பரிதபிக்கிற கடவுள் அங்கே இருக்கிறார். அந்தப் பரிதாபம் பிடிக்காமல் கோபித்துக்கொண்டது தீர்க்கதரிசிதான்.

அடிமைக்கு எது இரக்கம்?

136ஆம் சங்கீதம் நம் ஆலயங்களில் மாறி மாறி வாசிக்கப்படுவது. 26 வசனங்களிலும் கடவுளின் கிருபை என்றும் நிலைத்திருக்கிறது என்ற பல்லவி வருகிறது. அந்தப் பல்லவி எவற்றோடு சேர்ந்து வருகிறது என்று யாரும் நின்று யோசிப்பதில்லை. வானத்தையும் பூமியையும் படைத்தது கிருபை. எகிப்திலிருந்து ஜனங்களை வெளியே கொண்டுவந்தது கிருபை. பார்வோனையும் அவன் சேனையையும் கடலில் கவிழ்த்ததும் கிருபை. கடைசியில் எல்லா உயிர்களுக்கும் ஆகாரம் கொடுப்பதும் கிருபை.

பார்வோன் வீழ்ந்ததை எப்படி இரக்கம் என்பது? செங்கல் சூளையில் வைக்கோலும் கொடுக்காமல் வேலை வாங்கப்பட்டவர்களின் பக்கத்தில் நின்று பார்த்தால் புரியும். அவர்களுக்கு வேறு எந்த இரக்கமும் இரக்கமாக இருந்திருக்காது. சாட்டையை அப்படியே அவன் கையில் விட்டுவிட்டு இருவரையும் மன்னித்தேன் என்று ஒரு கடவுள் சொன்னால், மன்னிப்பின் பலன் சாட்டை வைத்திருப்பவனுக்கு மட்டுமே போகும். பொன் கன்றுக்குட்டியை வணங்கிய ஜனத்தை மன்னித்த கையோடு கடவுள் மோசேயிடம் தம் பெயரை விளக்கும் யாத்திராகமம் 34இலும் இரண்டும் ஒரே மூச்சில் வருகின்றன. அவர் அக்கிரமத்தை மன்னிக்கிறவர். குற்றவாளியைக் குற்றமற்றவன் என்று தீர்க்காதவர். இரண்டாவதை வெட்டிவிட்டு முதலாவதை மட்டும் பிரசங்கிப்பது பாதி வேதத்தைப் பிரசங்கிப்பது.

மீகாவும் மரக்காலும்

நியாயம் செய், இரக்கத்தை நேசி, தாழ்மையோடு நட என்ற மீகா 6:8 பல கிறிஸ்தவ வீடுகளில் நாட்காட்டியில் தொங்கும். நாட்காட்டியில் இடம்பெறாத 10, 11ஆம் வசனங்கள் எதைப் பற்றிப் பேசுகின்றன தெரியுமா? குறைந்த மரக்காலைப் பற்றி, கள்ளத் தராசைப் பற்றி. இரக்கத்தை நேசி என்று சொல்லி இரண்டு வசனம் தாண்டுவதற்குள் தீர்க்கதரிசி களத்துக்கு வந்து அளவைச் சோதிக்கிறான்.

களத்தில் நெல் அளப்பதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். ஒரே மரக்கால்தான். குவியலில் செருகி அள்ளி, குலுக்கி, மேலே இரண்டு கை போட்டுக் கூம்பாக விட்டால் ஓர் அளவு. தளர்வாக நிரப்பி உள்ளங்கையால் தலைவழித்துவிட்டால் வேறு அளவு. குத்தகை நெல் வாங்கும்போது முதல் அளவு, கூலி நெல் கொடுக்கும்போது இரண்டாம் அளவு. இதோடு மரக்காலே இரண்டாக இருந்தால் சொல்லவே வேண்டாம். பெரிதும் சிறிதுமாக இரண்டு மரக்கால் வீட்டில் வைத்திருக்காதே என்று உபாகமம் 25 தடை செய்தது இதைத்தான்.

பண்ணையாட்களைச் சவுக்கால் அடிப்பதும் சாணிப்பால் குடிக்க வைப்பதும் தஞ்சையில் நடந்தன. கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவும் தோழர்களும் கட்டிய விவசாயிகள் சங்கத்தின் போராட்டத்தில் பிறந்த 1944 மன்னார்குடி ஒப்பந்தம் அந்தக் கொடுமைகளுக்கு முடிவு கட்டப் பார்த்தது. சரியான மரக்காலில் கூலி அளக்க வேண்டும் என்பதும் அந்த உழவர்களின் கோரிக்கை. 1952இல் தஞ்சாவூர் சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கோரிக்கை வைத்தவர்கள் வேதம் ஓதியவர்கள் அல்லர். கேட்டது மீகா கேட்டதைத்தான்.

உங்கள் பிதா இரக்கமுள்ளவராக இருப்பதுபோல நீங்களும் இருங்கள் என்று இயேசு சொல்வது லூக்கா 6:36. இரண்டு வசனம் கழித்து அவரும் அளவைப் பற்றியே பேசுகிறார். அமுக்கி, குலுக்கி, சரிந்து விழும்படி அளக்கிற நல்ல அளவு. இதில் ஒரு வரிசை இருக்கிறது. மரக்கால் முதலில் விளிம்பு வரை நிறைய வேண்டும், அது நீதி. விளிம்புக்கு மேல் கூம்பாக நிற்பது இரக்கம். விளிம்பே நிறையாத மரக்காலில் கூம்பு நிற்காது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்: வேதாகமத்தின் இரக்கம் நீதிக்கு மேலே எழும்புவது. நீதிக்குக் கீழே இறங்கிக்கொண்டு இரக்கம் என்று பெயர் வைத்துக்கொள்வதற்கு வேதத்தில் ஆதாரம் இல்லை.

திராட்சைத் தோட்டக் கூலியாட்களின் உவமையும் (மத்தேயு 20) இதையே காட்டுகிறது. காலையில் வந்தவர்களுக்குப் பேசிய கூலி ஒரு பணம், குறையாமல் கொடுக்கப்பட்டது. பதினோராம் மணி நேரத்தில் வந்தவர்களுக்கும் ஒரு பணம். வேலைக்கு யாரும் கூப்பிடாததால் நாள் முழுக்கச் சந்தையில் நின்றவர்கள் அவர்கள். அவர்கள் வீட்டிலும் அன்று அடுப்பு எரிய வேண்டுமல்லவா? கூலி கொடுக்கப்பட்டது சாயங்காலம், உபாகமம் சொன்ன அதே நேரம். பிந்தியவனுக்குக் காட்டிய இரக்கத்தால் முந்தியவனின் கூலியில் ஒரு காசும் குறையவில்லை.

சுவார்ட்ஸ் ஐயர் கையால் கொடுத்த பணம்

தஞ்சாவூர் சிவகங்கைப் பூங்காவையொட்டி 1779இல் கட்டப்பட்ட ஆலயம் இருக்கிறது. உள்ளே பளிங்கில் ஒரு சிற்பம். மரணப்படுக்கையில் மிஷனரி கிறிஸ்டியன் பிரெடரிக் சுவார்ட்ஸ், பக்கத்தில் அவர் கையைப் பற்றி நிற்கும் இளவரசர் சரபோஜி. ஆங்கிலச் சிற்பி ஜான் பிளாக்ஸ்மன் செதுக்கியது. 1750இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கி, 1778 முதல் தஞ்சையில் வாழ்ந்து, 1798இல் இறந்த சுவார்ட்ஸை நம் சபைகள் ஜெபவீரர் என்றும் பக்தர் என்றும் நினைவுகூர்கின்றன. அந்தப் பக்தி தஞ்சைச் சீமையில் எந்த வடிவம் எடுத்தது என்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை.

1781இல் ஹைதர் அலியின் படை தஞ்சைச் சீமையைச் சூறையாடியது. தொடர்ந்து பஞ்சம். கோட்டைக்குள் தானியம் இல்லை, வீதிகளில் மக்கள் செத்து விழுந்தார்கள். ஆனால் நாட்டுப்புறத்தில் நெல் இருந்தது. கொண்டுவர மாடுகள் வரவில்லை. ஏன் வரவில்லை? முன்பு நெல்லை வாங்கிக்கொண்டு பணம் கொடுக்காமல் விட்டிருந்தார்கள். அரசு வாக்குறுதி கொடுத்தது, யாரும் நம்பவில்லை. மன்னர் துளஜாஜி சுவார்ட்ஸைக் கேட்டார். என் கையாலேயே பணம் தருவேன் என்று சுவார்ட்ஸ் ஊர்களுக்கு ஆள் மூலம் கடிதம் அனுப்பினார். ஓரிரு நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகள் வந்தன. எண்பதாயிரம் கலம் நெல் சேர்ந்தது. சொன்னபடி பணம் கொடுக்கப்பட்டது. 1794இல் அவரே எழுதிய கடிதத்தில் இந்த விவரம் இருக்கிறது.

அதே கடிதத்தில் இன்னொரு சம்பவம். அதிகாரிகளின் கொடுமை தாங்காமல் குடிமக்கள் சீமையை விட்டே கூட்டம் கூட்டமாகப் போய்விட்டார்கள். பயிரிடும் பருவம் கடந்துகொண்டிருந்தது. மன்னர் திரும்பி வாருங்கள் என்றார், ஒருவரும் அசையவில்லை. இனி அநீதி நடக்காது என்ற உறுதியோடு சுவார்ட்ஸ் அழைத்தபோது ஒரே நாளில் ஏழாயிரம் பேர் திரும்பினார்கள். பருவம் பிந்தியும் இரவு பகலாக உழைத்தார்கள். முந்தின ஆண்டைவிட நல்ல விளைச்சல் கண்டார்கள்.

அந்தப் பஞ்சத்தில் கடவுளின் இரக்கம் தஞ்சைக்கு எப்படி வந்தது? வாங்கிய நெல்லுக்கு ஒழுங்காகக் கொடுத்த காசாக வந்தது. ஆறுதல் வார்த்தை யாரிடமும் கிடைத்திருக்கும். கோட்டை வாசலுக்கு மாடுகளைக் கொண்டுவந்தது, இந்த மனிதன் கூலியை ஏமாற்ற மாட்டான் என்ற நம்பிக்கைதான்.

ஒரே கிண்ணம் கசந்தபோது

சுவார்ட்ஸிடமும் ஒரு குறை இருந்தது. சபைக்குள் சாதியை அவரும் அவர் காலத்து மிஷனரிகளும் பொறுத்துக்கொண்டார்கள். தனி இருக்கை தொடர்ந்தது. அந்தப் பொறுமையின் விலை பின்னால் தெரிந்தது. 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை அடியோடு ஒழிய வேண்டும், இராப்போஜனத்தில் எல்லோரும் வேறுபாடின்றி வர வேண்டும் என்று சுற்றுக்கடிதம் அனுப்பினார். தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் உயர்சாதிக் கிறிஸ்தவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். பலர் சபையை விட்டு விலகினார்கள். சாதியை ஆதரித்து வாதாடியவர்களில் சுவார்ட்ஸின் மாணவரும் சரபோஜியின் அவைக்கவிஞருமான வேதநாயகம் சாஸ்திரியாரும் ஒருவர். தமிழ்க் கிறிஸ்தவ இசைக்கும் இலக்கியத்துக்கும் அவர் தந்தது பெரிது. அதனாலேயே இந்த இடத்தில் அவர் பக்கம் நிற்க முடியாமல் போவது வலிக்கிறது.

எதிர்ப்பாளர்களின் வாதம் என்ன? சாதி என்பது உலக வழக்கம், சமூக மரியாதை. விசுவாசத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆத்துமா சமம், அமரும் இடம் வேறு. நான் மறுக்கிற அதே கருத்து, கிட்டத்தட்ட இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே இங்கே உருவாகி நின்றுவிட்டது. பரலோகத்தில் ஒன்றாக உட்காரலாம், பந்தியில் மட்டும் முடியாது என்ற இரக்கம் பறையர் கிறிஸ்தவருக்கு என்ன கொடுத்தது? கடைசி இருக்கையைக் கொடுத்தது.

டிசம்பர் 25, 1968

இயேசு பிறந்த நாள் இரவு. இன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் உள்ள கீழ்வெண்மணி அன்று பழைய தஞ்சை மாவட்டத்தின் ஒரு சேரி. தரங்கம்பாடியும் வேளாங்கண்ணியும் அன்று அதே மாவட்டம்தான். அந்தச் சேரியின் கூலியாட்கள் அரைப்படி நெல் கூலி கூடக் கேட்டார்கள், செங்கொடிச் சங்கத்தை விட மறுத்தார்கள். நெல் உற்பத்தியாளர் சங்கம் என்ற பெயரில் நிலக்கிழார்கள் திரண்டிருந்தார்கள். அடியாட்களுக்கு அஞ்சி ராமையாவின் குடிசைக்குள் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் ஒளிந்தார்கள். குடிசை கொளுத்தப்பட்டது. 44 பேர் வெந்து செத்தார்கள். கீழ்நீதிமன்றம் தண்டித்தவர்களைச் சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது. செல்வந்தர்களான மிராசுதார்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்பது தீர்ப்பில் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று.

இதன் பக்கத்தில் தீர்க்கதரிசி நாத்தானை வைத்துப் பாருங்கள். ராஜாவான தாவீது உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு உரியாவைக் கொல்லவைத்தான். அந்தஸ்துள்ளவன் இப்படிச் செய்திருப்பானா என்று கடவுள் கேட்கவில்லை. ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைக் கதையாகச் சொல்லி, அந்த மனிதன் நீதான் என்று ராஜாவின் முகத்துக்கு நேரே நாத்தானைச் சொல்லவைத்தார். மன்னிப்பு அதற்குப் பிறகுதான் வந்தது. 51ஆம் சங்கீதத்தின் கண்ணீர் அந்தக் குற்றச்சாட்டு இல்லாமல் பிறந்திருக்காது.

வெண்மணியைப் பற்றிப் பேச்சு வந்தால், எல்லாம் முடிந்த கதை, மன்னித்து மறப்பதே கிறிஸ்தவம் என்று சிலர் சொல்கிறார்கள். மன்னிக்கும் உரிமை அந்தக் குடிசையில் தாயையும் பிள்ளையையும் இழந்தவர்களுடையது. அதை அவர்கள் கையிலிருந்து வாங்கி நாம் தானம் செய்ய முடியாது. காணிக்கையோடு பலிபீடத்துக்கு வந்தவனுக்குத் தன் பேரில் சகோதரனுக்குக் குறை உண்டென்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் அவனிடம் போ என்கிறார் இயேசு (மத்தேயு 5). கடவுளே தம் பலிபீடத்திலிருந்து திருப்பி அனுப்புகிறார். சகோதரனைத் தாண்டிக் குறுக்கு வழியில் தம்மிடம் வர அவர் விடவில்லை.

கிருபையை விலைக்கு வாங்குவதா?

என் எதிர்த்தரப்பின் பலமான வாதம் இனிமேல்தான் வருகிறது. இரட்சிப்பு கிருபையினால், கிரியையினால் அல்ல. கூலியைக் கொடு, அபகரித்ததைத் திருப்பு என்று நிபந்தனை போட்டால் கிருபையை விலை பேசுவதாகாதா? கெட்ட குமாரனைத் தகப்பன் கணக்குக் கேட்டாரா? சிலுவையில் தொங்கிய கள்ளன் எதைத் திருப்பிக் கொடுத்தான்?

தரங்கம்பாடியில் 1706இல் சீகன்பால்கு இறங்கிய நாள் முதல் லுத்தரன் போதனை வேரூன்றிய மண் இது. இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். கிருபை இலவசம் என்பதில் எனக்குச் சந்தேகமும் இல்லை. கிருபை முந்தி வருகிறது என்பதே வேதத்தின் வரிசை. எகிப்திலிருந்து மீட்ட பிறகே கடவுள் கட்டளை கொடுத்தார். எரிகோவின் வரிவசூல் தலைவன் சகேயு ஒரு காசைத் திருப்புவதற்கு முன்பே, இன்று உன் வீட்டில் தங்க வேண்டும் என்று இயேசு அவனை மரத்திலிருந்து இறங்கச் சொன்னார். ஆனால் அந்த இரக்கம் வீட்டுக்குள் வந்ததும் சகேயு என்ன செய்தான்? ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்கும், ஏமாற்றியதை நாலத்தனையாகவும் கொடுக்க எழுந்து நின்றான். இன்று இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்று இயேசு அதன் பிறகே சொன்னார். கிருபையினால் இரட்சிப்பு என்று எபேசியர் 2இன் 8, 9ஆம் வசனங்களை ஒப்பிப்பவர்கள் 10ஆம் வசனத்துக்கு முன்பே நின்றுவிடுகிறார்கள். நற்கிரியைகளுக்காகவே நாம் உண்டாக்கப்பட்டோம் என்று அது சொல்கிறது.

கெட்ட குமாரன் அழித்தது தன் பங்கை. எந்தக் கூலிக்காரனின் நெல்லையும் அல்ல. அந்த உவமையில் எல்லோரும் தாண்டிப்போகும் ஓர் இடம் இருக்கிறது. பன்றித் தொழுவத்தில் பசித்துக் கிடந்தவனுக்கு முதலில் நினைவு வந்தது எது? தன் தகப்பனிடம் கூலிக்காரருக்குக்கூட வயிறார அப்பம் இருக்கிறது என்பது. அந்த வீட்டின் கூலியாட்கள் பட்டினி கிடந்திருந்தால் அவனுக்குத் திரும்பிவரும் எண்ணமே தோன்றியிருக்காது.

கள்ளனுடைய கைகள் ஆணியடிக்கப்பட்டிருந்தன. அவற்றால் எதையும் திருப்பிக் கொடுக்க முடியாது. முடிந்ததை அவன் செய்தான். தனக்கு வந்த தண்டனை நியாயமானது என்று வாயால் ஒப்புக்கொண்டான். கை கட்டவிழ்ந்து, பத்தாயம் நிறைந்து, பத்திரம் பெட்டியில் இருக்கிறவன் கள்ளனின் சாக்கைச் சொல்ல முடியாது.

தள்ளுபடி பெற்றவன் பிறனிடம் நடந்துகொள்வது கடவுளுக்கு அற்பமானதா? பதினாயிரம் தாலந்து மன்னிக்கப்பட்ட வேலைக்காரன் நூறு பணக் கடனுக்காக உடன்வேலைக்காரனின் கழுத்தை நெரித்தபோது, எஜமான் கொடுத்த மன்னிப்பையே திரும்ப எடுத்துக்கொண்டார் (மத்தேயு 18). அறுத்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது, அது சேனைகளின் கர்த்தருடைய செவியில் எட்டியிருக்கிறது என்கிறார் யாக்கோபு (5:4). இவை இரண்டும் புதிய ஏற்பாடு. கோபக்காரக் கடவுளின் புத்தகம் என்று ஒதுக்கப்படும் உபாகமம் 24இன் குரல் அப்படியே இங்கே தொடர்கிறது.

இது பழிவாங்கச் சொல்வதாகாதா என்று கேட்கலாம். ஆகாது. நினிவேயின் ராஜாவுக்கும் எரிகோவின் வரிவசூல் தலைவனுக்கும் கதவு திறந்திருந்தது. மிராசுதாருக்கும் திறந்திருக்கிறது. நினிவேயில் ராஜா இட்ட கட்டளையில் இரட்டும் உபவாசமும் மட்டும் இல்லை, கையிலுள்ள கொடுமையை விடு என்பதும் இருந்தது. கடவுள் பார்த்தது அவர்களுடைய கிரியைகளை என்கிறது யோனா 3. கதவு எல்லோருக்கும் ஒன்று. சவுக்கைக் கையில் வைத்துக்கொண்டு அதன் வழியாக நுழைய முடியாது.

இன்றைக்கு என்ன?

சவுக்கும் சாணிப்பாலும் போயின. அறுவடை இயந்திரம் வந்துவிட்டது. கதிர் பொறுக்க உதிரியும் அதிகம் விழுவதில்லை. ஆனால் கடன் இருக்கிறது. 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயல் டெல்டாவின் தென்னைகளையும் கூரைகளையும் சாய்த்த பிறகும், பெண்கள் வாங்கிய குழுக்கடனை வசூலிக்க வந்தவர்கள் வாசலில் நின்றார்கள். சில வீடுகளில் வாசலைத் தாண்டியும் வந்தார்கள். உபாகமம் 24இன் அந்தச் சிறிய விதி, வெளியே நில் என்பது, இன்றும் உயிரோடிருக்க வேண்டிய விதி.

ஆகவே என் சபைகளிடம் நேரடியாகவே கேட்கிறேன். ஆண்டுதோறும் அறுப்பின் பண்டிகை வைக்கிறோம். நெல் மூட்டையும் வாழைத்தாரும் பூசணியும் பலிபீடத்தின் முன் குவிகின்றன, பிறகு ஏலம் போகின்றன. அந்த ஞாயிறு உபாகமம் 24ஐயும் யாக்கோபு 5ஐயும் முழுவதும் வாசியுங்கள். படைக்கப்பட்ட நெல்லை நட்டவர்களுக்கும் அறுத்தவர்களுக்கும் கூலி கொடுத்தாயிற்றா என்று ஆலயத்திலேயே கேளுங்கள். சபை நடத்தும் பள்ளியில், விடுதியில், மருத்துவமனையில் கூட்டிப் பெருக்கும் பெண்ணுக்கு மாதச் சம்பளம் எந்தத் தேதியில் போகிறது, எவ்வளவு போகிறது என்று கமிட்டிக் கூட்டத்தில் கேளுங்கள். சேரிக்கு ஒரு கல்லறை, ஊருக்கு ஒரு கல்லறை என்று இன்னும் எங்கேனும் இருந்தால், அடுத்த அடக்கத்துக்குள் அந்தச் சுவரை இடியுங்கள். இவற்றை அரசியல் என்பவர்களிடம், இது மோசேயின் சட்டம், மீகாவின் தீர்க்கதரிசனம், இயேசுவின் உவமை என்று திருப்பிச் சொல்லுங்கள்.

கடவுள் இரக்கமுள்ளவர் என்று நானும் முழுமனதோடு நம்புகிறேன். அந்த நம்பிக்கையின் பேரிலேயே சொல்கிறேன்: கூலியைக் குறைத்தவனைத் தேற்றி, குறைக்கப்பட்டவனை மறந்துபோகச் சொல்லும் பிரசங்கம் வேதாகமத்தின் கடவுளைப் பற்றியது அல்ல. அந்தப் பிரசங்கத்தை நிறுத்துங்கள். குறைத்ததைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். கொடுக்க மனம் வருகிறவனுக்கு அந்த மனதைத் தந்ததும் அதே இரக்கம்தான் என்பதையும் அப்போது சேர்த்துச் சொல்லலாம்.